ஐந்து நிமிடம் தேறாத ஒரு இசைத்தட்டு

பாட்டு என்றால் குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்தே பழகிப்போன எண்ணம். இன்று எழுதப்போவது இனிமையே இல்லாத ஒரு குரலைப் பற்றி. முதல் தடவை கேட்டபோது சத்தத்தைக் குறைத்தேன். மூன்றாவது தடவை நானே கூட்டி வைத்தேன். நடுவில் அந்தப் பாட்டின் வரலாற்றைக் கொஞ்சம் படித்திருந்தேன், அவ்வளவுதான்.

எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற லண்டன் பங்க் ராக் குழு 1977 செப்டம்பரில் வெளியிட்ட முதல் இசைத்தட்டு அது. பெயர் 'ஓ பாண்டேஜ் அப் யுவர்ஸ்!'. 'அடிமைத்தனமே, போய்த் தொலை' என்பதை இன்னும் கொஞ்சம் மரியாதை இல்லாமல் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி. பின்பக்கத்தில் 'ஐ ஆம் எ க்ளிஷே'. இரண்டு பாட்டும் சேர்த்து ஐந்து நிமிடம் தேறாது. வெளியிட்டது வர்ஜின் நிறுவனம்.

பாடியவர் பெயர் பாலி ஸ்டைரீன். ஆமாம், கெமிஸ்ட்ரியில் படிக்கிறோமே, அதே பாலிஸ்டைரீன்தான்! இயற்பெயர் மரியான் எலியட். 1957-ல் பிறந்தவர். அப்பா சோமாலியர், அம்மா வெள்ளைக்காரர். வளர்ந்தது தெற்கு லண்டனில் உள்ள பிரிக்ஸ்டனில். 1976 ஜூலை 3 அன்று, தன்னுடைய 19-வது பிறந்தநாளில், ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் கச்சேரியைப் பார்த்தார். இவர்கள் செய்கிறார்கள் என்றால் நாமும் செய்யலாமே என்று தோன்றிவிட்டது. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் லோரா லாஜிக், சாக்ஸபோன் வாசித்த பள்ளி வயதுப் பெண். பங்க் குழுவில் சாக்ஸபோனா என்று யாரும் கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், அது இல்லாமல் இந்தப் பாட்டு இல்லை.

பாட்டு தொடங்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சின்னப்பெண்கள் கண்ணில் படலாம், வாய் திறக்கக்கூடாது என்று சொல்லும் ஒரு பழைய ஆங்கில அறிவுரை உண்டு. 'பொம்பள சிரிச்சா போச்சு' என்று நம்மூரில் சொல்வதற்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி. பாலி அதை முதலில் நல்ல பிள்ளை போல மெதுவாகச் சொல்கிறார். அடுத்த நொடியே தலைப்பைக் கத்துகிறார், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணுகிறார், மொத்தக் குழுவும் மேலே வந்து விழுகிறது. அந்த அறிவுரைக்கு வாதம் எதுவும் தேவைப்படவில்லை. கத்தியதே பதில்.

பாட்டில் சொல்லப்படும் அடிமைத்தனம் பெண்ணுக்கு மட்டுமானது அல்ல. விளம்பரம் பார்த்து வாங்கி, தூக்கிப்போட்டு, மறுபடி வாங்கும் வாழ்க்கையும் அதில் வருகிறது. பிளாஸ்டிக் பெயரை வைத்துக்கொண்டதே அந்தக் கேலிக்காகத்தான்.

இந்தக் குரல் எந்த ஊரில், எந்த வருடம் ஒலித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடியேறிகளை விரட்டச் சொன்ன நேஷனல் ஃபிரண்ட் கட்சி 1977 ஆகஸ்டில் லண்டனின் லூயிஷம் வழியாக ஊர்வலம் போனது, பெரிய மோதல் நடந்தது. அடுத்த மாதம் இந்த இசைத்தட்டு வருகிறது. பாடகி என்றால் மெலிந்த, வெள்ளையான, அழகாகச் சிரிக்கிற பெண் என்று இருந்த இடத்தில், கலப்பினப் பெண் ஒருத்தி பல்லில் கம்பியோடு, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுத்திக்கொண்டு மேடையேறினாள். 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் நடந்த இனவெறி எதிர்ப்பு இசைவிழாவில், கிளாஷ் போன்ற குழுக்களோடு எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும் பல்லாயிரம் பேர் முன்னால் வாசித்தது.

சரி, இசைத்தட்டு ஓடியதா? இல்லை. விற்பனைப் பட்டியலில் இடமே பிடிக்கவில்லை. இவர்களுடைய அடுத்த பாட்டுதான் 23-வது இடம் வரை போனது. அதற்குள் லோரா குழுவில் இல்லை. 1978-ல் வந்த முதல் ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்தது வேறொருவர். 'ஓ பாண்டேஜ்' அந்த ஆல்பத்தில் சேர்க்கப்படவும் இல்லை. ஆக, அந்த முதல் கூட்டணி அன்று ஸ்டுடியோவில் செய்து வெளியிட்டது இந்த இரண்டு பாட்டு மட்டும்தான். லோராவின் சாக்ஸபோன் ஒவ்வொரு முறை குறுக்கே பாயும்போதும் இது ஞாபகம் வருகிறது.

பாலியும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை. உடல்நிலை கெட்டது. மருத்துவர்கள் முதலில் மனச்சிதைவு என்றார்கள். இருமுனைக் கோளாறு என்று தெரிய பல வருடம் ஆனது. 1979-ல் குழு கலைந்தது. பிறகும் அவ்வப்போது பாடினார். 2011 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய மகளே சேர்ந்து இயக்கிய ஆவணப்படம் 2021-ல் வந்தது. அந்தப் பின்பக்கப் பாட்டின் பெயரையே படத்துக்கும் வைத்தார்கள்.

1990-களில் அமெரிக்காவில் பிகினி கில் போன்ற பெண்கள் முன்னின்ற குழுக்கள் கிளம்பியபோது, பாலியைத் தங்கள் முன்னோடிகளில் ஒருவராகச் சொன்னார்கள். பட்டியலில் ஏறாத இசைத்தட்டு எப்படியோ அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வரலாறு என்றாலே ஜெயித்தவர்கள் கதை என்று வகுப்பில் அடிக்கடி சொல்கிறோம். இந்தப் பாட்டை அந்த வாக்கியத்தோடு சேர்த்து வைத்து யோசித்துப் பாருங்கள். நேரம் இருந்தால் ஒரு தடவை கேளுங்கள். முதல் தடவை காது வலிக்கும், அதற்கு நான் பொறுப்பல்ல. மூன்றாவது தடவை எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.