திறந்த கணினியில் முகம் கண்டு பேசுதல்

கேளம்பாக்கத்து உப்பளங்களின் அருகே ஓடும் பழைய மாமல்லபுரம் சாலை இன்று கணினித் தொழிலுக்குப் பேர்பெற்றது. அச்சாலை புறப்படும் சென்னையிலேதான், லினக்ஸ் வழிவந்த 'பாஸ்' இயங்குதளத்தை சி-டாக் நிறுவனம் 2007-இல் உருவாக்கி அளித்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். இத்தகைய கணினியில், தொலைவிலுள்ளோரை முகம் கண்டு பேச எதனைத் தேர்வது?

பெல்ஜியத்து மாணவர் டாமியன் சாண்ட்ராஸ் தம் பட்டப்படிப்பின்போது எழுதிய நோம்மீட்டிங், 2006-இல் எக்கிகா எனப் பெயர் பூண்டது. அதன் நிரலும் திறந்தது, நெறிமுறையும் பொதுவானது. ஆயினும், ஒரே இணைய முகவரியைப் பல கணினிகள் பகிரும் இல்லங்களில் அதன் அழைப்புகள் பன்முறை இடர்ப்பட்டன. 2003-இல் தோன்றிய ஸ்கைப் அத்தடையை எளிதிற் கடந்தது. அதன் நிரலோ மூடியது. எனினும் லினக்ஸ் அன்பர்களிலும் பலர் அதனையே நாடினர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. பேச்சுக் கேட்டால்தானே உரையாடல்!

2011-இல் கூகுள் வெப்ஆர்டிசி நிரலைத் திறந்துவிட்டதும், இணைய உலாவியே தொலைபேசியாயிற்று. எமில் இவோவ் 2003-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் தொடங்கிய ஜிட்சி அதனைத் தழுவி வளர்ந்தது. ஒரு கல்லூரி தன் சொந்தக் கணினியிலேயே அதனை நிறுவிக்கொள்ளலாம் என்பதால், நான் அதனையே தேர்வேன்.

ஸ்கைப் 2025 மே 5-ஆம் நாள் மூடப்பட்டது. எக்கிகாவின் வளர்ச்சியும் முன்னரே நின்றுவிட்டது. அதன் மூலநிரல் மட்டும் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.