மதுவிலக்குக் கால அமெரிக்காவில் இல்லத் திராட்சை மதுவும் பழக் கொள்முதலும் (1920–1933)

முன்னுரை

அமெரிக்க மதுவிலக்கின் வரலாறு பெரும்பாலும் கள்ளச்சாராயக் கும்பல்களின் வரலாறாகவும் சட்ட அமலாக்கத்தின் தோல்வியாகவுமே எழுதப்பட்டுள்ளது. அதே காலத்தில் வீட்டு நிலவறையில் ஆண்டுதோறும் திராட்சை மது செய்துகொண்ட இத்தாலியக் குடியேறிகள் இவ்வரலாற்றில் ஓரமாகவே வந்து போகின்றனர். அவர்களுக்கு முன் இருந்த சிக்கல் சட்டச் சிக்கல் மட்டுமன்று. கலிபோர்னியாவில் விளையும் பழத்தை ஏறத்தாழ 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நியூயார்க்கில் எவ்வாறு பெறுவது? கண்ணால் காணாத தோட்டத்தின் பழத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது? இக்கேள்விகளுக்கு அவர்கள் கண்ட விடையே கலிபோர்னியத் தோட்டங்களில் எக்கொடி நிலைக்கும், எக்கொடி பிடுங்கப்படும் என்பதைத் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சட்டம் விட்ட இடைவெளி

1919 அக்டோபரில் நிறைவேறிய வால்ஸ்டெட் சட்டம் 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் கொண்ட பானங்களைத் தடைசெய்தது. ஆயினும் அதன் 29ஆம் பிரிவு, வீட்டுப் பயன்பாட்டுக்கென மட்டும் செய்யப்படும் ‘போதை தராத’ பழச்சாற்றுக்கும் ஆப்பிள் சாற்றுக்கும் விலக்களித்தது. போதை தருவது எது என்பதை அப்பிரிவு வரையறுக்கவில்லை. இந்த மௌனத்தை வெளிக்கொணரவே மேரிலாந்து காங்கிரஸ் உறுப்பினர் ஜான் ஃபிலிப் ஹில் பால்டிமோரில் உள்ள தம் வீட்டிலேயே வெளிப்படையாகத் திராட்சை மது செய்து, வழக்கை வலியத் தேடிக்கொண்டார். வீட்டுப் பழச்சாற்றுக்கு 0.5 விழுக்காட்டு வரம்பு பொருந்தாது, அது உண்மையில் போதை தருமா என்பதே கேள்வி என நீதிமன்றம் கொண்டது. 1924இல் அவர் விடுவிக்கப்பட்டார். குடும்பத் தலைவர் ஒருவர் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியின்றிச் செய்துகொள்ளலாம் என்ற வருவாய்த்துறை விதியும் இதனுடன் சேர்ந்து நின்றது.

200 கேலன் என்பது சிறிய அளவன்று. அதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் டன் பழம் தேவை. அக்காலத்தில் வழங்கிய சுமார் 25 பவுண்டு மரப்பெட்டிகளில் கணக்கிட்டால் ஏறக்குறைய 100 பெட்டிகள். எல்லாக் குடும்பங்களும் இந்த உச்ச அளவை எட்டியிருக்க வேண்டியதில்லை. எனினும் ஒரு தெருவின் தேவையே ஒரு சரக்குப் பெட்டியை நிரப்பப் போதுமானதாக இருந்திருக்கும்.

சரக்குப் பெட்டியும் ஏலக்களமும்

பனிக்கட்டி நிரப்பிய ரயில் பெட்டிகளில் பழம் கிழக்கே சென்றது. பெட்டிகள் போதாமல் அறுவடைக் காலத்தில் தட்டுப்பாடு நேர்ந்தது. நியூயார்க், சிகாகோ முதலிய நகரங்களின் சரக்கு நிலையங்களில் பழம் ஏலத்திலும் நேர்விற்பனையிலும் கைமாறியது. பின்னாளில் மாபெரும் மது நிறுவனத்தைத் தோற்றுவித்த ஏர்னஸ்ட் காலோ, இளைஞராக இருந்தபோது சிகாகோ சரக்கு நிலையத்தில் நின்று குடும்பத்தின் பழத்தை விற்றவர்.

வாங்குவோர் தரப்பிலிருந்து நோக்கினால் சேசரே மொண்டாவியின் வாழ்க்கை மேலும் தெளிவான சான்று. மின்னசோட்டாவின் இரும்புச் சுரங்க நகரான வர்ஜீனியாவில் வாழ்ந்த அவரை, அங்கிருந்த இத்தாலியச் சங்கத்தினர் தங்கள் வீட்டு மதுவுக்குரிய பழத்தைத் தேர்ந்து வாங்கிவரக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினர். சில ஆண்டுகளில் அவர் குடும்பத்துடன் லோடி நகருக்கே குடிபெயர்ந்து பழ ஏற்றுமதியாளரானார். தோட்டத்தைக் காண இயலாத வாங்குவோர் தமக்கு மாற்றாகத் தம் ஊராரில் ஒருவரின் கண்ணை அனுப்பினர் எனலாம். அத்தகைய ஆள் வாய்க்காதவர்கள் பழத்தின் தோற்றத்தையே நம்ப வேண்டியிருந்தது.

நிறமே அளவுகோல்

சரக்கு நிலையத்தில் பழத்தை மதிப்பிட நேரம் குறைவு. நசுங்காத தடித்த தோல், அடர்ந்த நிறம் ஆகிய இரண்டும் உடனே கண்ணில் பட்டன. இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டது பிரான்சில் உருவான அலிகாந்தே பூஷே. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளுக்குத் தோலில் மட்டுமே நிறம் இருக்க, இதற்குச் சதையும் சிவப்பு. முதற்சாற்றை வடித்தபின் சக்கையில் சர்க்கரை நீரூற்றி மீண்டும் நொதிக்கவைத்தாலும் நிறம் குன்றாது. ஒரே பெட்டியிலிருந்து இருமுறை மது எடுக்க விழைந்த தொழிலாளர் குடும்பத்துக்கு இது பொருளாதார அறிவேயன்றிச் சுவையறியாமை அன்று. கபர்னே சோவிஞோன், ரீஸ்லிங் போன்ற உயர்வகைகள் நெடும்பயணத்தைத் தாங்கவில்லை; சந்தையில் விலைபோகவுமில்லை. எனவே அவற்றைப் பிடுங்கியும், பழைய அடிமரத்தின்மேல் புதுவகையை ஒட்டுக்கட்டியும் விவசாயிகள் தோட்டங்களை மாற்றினர். ஜின்ஃபாண்டெலும் கரிஞானும் இடம் காத்துக்கொண்டன. தரம் தாழ்ந்ததற்கு விவசாயியின் பேராசையைக் காரணம் காட்டும் வாதம் இவ்விடத்தில் பொருந்தவில்லை. அவர் விற்றது மதுவை அன்று. இரு வாரப் பயணத்துக்குப் பின்னும் பளபளக்கும் பழத்தை.

வீழ்ச்சியும் எச்சமும்

தடையின் தொடக்க ஆண்டுகளில் டன்னுக்கு 100 டாலரைத் தாண்டிய விலைகள் புது நடவுகளைத் தூண்டின. தோட்டப் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. 1920களின் நடுவில் சந்தை சரிந்தது, பழம் தேங்கியது. உபரியை விற்க, ஃப்ரூட் இண்டஸ்ட்ரீஸ் என்ற கூட்டமைப்பு ‘வைன்-க்ளோ’ எனும் அடர்சாற்றை வீட்டுக்கே கொண்டுவந்து தந்து, நொதிக்கும் வரை கவனித்தும் கொடுத்தது. மதுவிலக்கு வழக்குகளை நடத்திய அரசு வழக்கறிஞர் மேபல் வாக்கர் வில்லெபிராண்ட், பதவி விலகியபின் இந்நிறுவனத்தின் வழக்கறிஞரானது குறிப்பிடத்தக்க முரண். வேறொரு நிறுவனத்தின் அடர்சாறு குறித்த பாதகமான தீர்ப்புக்குப் பின் 1931இல் இவ்விற்பனை கைவிடப்பட்டது.

1933 டிசம்பர் 5 அன்று தடை நீங்கியபோது மதுவாலைகள் திறந்தன. நல்ல மதுவுக்குரிய கொடிகள் சிறிதளவே எஞ்சியிருந்தன. சரக்குப் பெட்டிக்காக நடப்பட்ட கொடிகளின் பழம் ஆல்கஹால் சேர்த்த இனிப்பு மதுவுக்கே பெரிதும் உதவியது. உணவுடன் அருந்தும் மது அமெரிக்க விற்பனையில் இவ்வினிப்பு மதுவை மீண்டும் விஞ்சியது 1960களின் பிற்பகுதியில்தான்.