வளைவின் விலை 9,000 ரூபாய்

போன தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். 6.7 இஞ்ச் திரை, இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு இறங்கும் வளைவு. கடையில் பார்த்தபோது கண்ணைப் பறித்தது. பெரிய எழுத்து தெரியும், வயதானவருக்கு வசதி என்று கணக்குப் போட்டேன். ஒரு மாதத்தில் ஊரிலிருந்து புகார் வந்துவிட்டது.

"டேய், நான் கையே வைக்கல, அதுவா போகுதுடா. பேரன் போட்டோவைப் பார்த்துட்டு இருக்கேன், திடீர்னு மூடிக்குது. பேசிட்டு இருக்கும்போது யாருக்கோ வீடியோ கால் போகுது."

முதலில் அவர் தவறாக அழுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். பொங்கலுக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். செய்தித்தாளைப் பிடிக்கிற மாதிரி போனை உள்ளங்கையில் அழுத்திப் பிடிக்கிறார். கட்டைவிரலின் அடிச்சதை வளைந்த ஓரத்தில் படுகிறது. போனுக்கு அது ஒரு தொடுகை. அப்பா சொன்னது உண்மைதான், அவர் எதையும் அழுத்தவில்லை.

இந்த வளைவை யார் கேட்டார்கள், எதற்காக வந்தது என்று அன்றிரவு தேட ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வீங்கிய டிவி

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வளைந்த திரை புதிதில்லை. தூர்தர்ஷன் பார்த்த டிவி எல்லாமே வெளிப்பக்கம் வீங்கித்தான் இருந்தது. அது அழகுக்காக அல்ல. படக்குழாய்க்குள் வெற்றிடம். வெளியே காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. 21 இஞ்ச் டிவியின் முகத்தில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம். முட்டை ஓடு மாதிரி வளைந்த கண்ணாடிதான் அதை எளிதாகத் தாங்கும். கண்ணாடியைத் தட்டையாக்கினால் தடிமனும் எடையும் கூடும்.

சோனி 1968இல் டிரினிட்ரான் குழாயைக் கொண்டுவந்தது. அதன் முகம் மேலிருந்து கீழாக நேராகவும், இடவலமாக மட்டும் வளைந்தும் இருந்தது. ஓர் உருளையிலிருந்து வெட்டியெடுத்த துண்டு போல. 1990களின் பிற்பகுதியில் முழுத் தட்டையான குழாய்கள் வந்தன. "பிளாட் டிவி வாங்கியிருக்கோம்" என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் நினைவிருக்கும். அப்போது ஆடம்பரம் என்றால் தட்டை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2013: இரண்டு கம்பெனி, இரண்டு வளைவு

கைபேசியில் வளைவு முதலில் கண்ணாடியில் மட்டும்தான் வந்தது. 2010இல் கூகுளுக்காக சாம்சங் தயாரித்த நெக்சஸ் எஸ் போனின் கண்ணாடி லேசாகக் குழிந்திருக்கும். ஆனால் உள்ளே இருந்த திரை தட்டைதான்.

திரையே வளைய வேண்டுமென்றால், அது கண்ணாடிமேல் உட்கார்ந்திருக்கக் கூடாது. இங்கேதான் ஓஎல்இடி உதவிக்கு வருகிறது. எல்சிடிக்குப் பின்னால் தனியாக விளக்கு வேண்டும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அதனால் மெல்லியதாகச் செய்யலாம். செய்முறை சுவாரசியமானது. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் பாலிஇமைடு என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கைப் பூசுவார்கள். அதன்மேல் டிரான்சிஸ்டர்களையும் ஒளிரும் அடுக்குகளையும் கட்டுவார்கள். ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் ஓஎல்இடி செத்துவிடும் என்பதால் மேலே மெல்லிய காப்பு அடுக்குகள் போடுவார்கள். கடைசியில் அடியிலிருந்து லேசர் அடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். தோசைக்கல்லிலிருந்து தோசையை எடுப்பது மாதிரி. கையில் மிஞ்சுவது வளையக்கூடிய ஒரு திரை.

2013 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் 'யூம்' என்ற பெயரில் சாம்சங் இதைக் காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் தென்கொரியாவில் கேலக்ஸி ரவுண்ட் வெளிவந்தது. 5.7 இஞ்ச், இடவலமாகக் குழிந்த திரை, வளைவின் ஆரம் 400 மி.மீ. சில வாரங்களில் எல்ஜியின் ஜி ஃப்ளெக்ஸ் அறிவிக்கப்பட்டது. 6 இஞ்ச், இது மேலிருந்து கீழாக வளைந்தது, ஆரம் 700 மி.மீ.

ஆரம் என்று சொன்னால் கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூட வடிவியல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஜி ஃப்ளெக்ஸின் உயரம் சுமார் 160 மி.மீ. மேசையில் வைத்தால் நடுப்பகுதிக்கும் நுனிகளுக்கும் கிட்டத்தட்ட 4.6 மி.மீ. வித்தியாசம் வரும். ரவுண்டின் அகலம் 80 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, அதன் குழிவு வெறும் 2 மி.மீ.

ஜி ஃப்ளெக்ஸில் ஒரு நியாயம் இருந்தது. பழைய தொலைபேசியின் கைப்பிடி மாதிரி, காதுக்கும் வாய்க்கும் இடையே பொருந்தும். பேட்டரியையே வளைத்துச் செய்திருந்தார்கள். மேலே உட்கார்ந்தால் கொஞ்சம் நிமிர்ந்து கொடுத்துவிட்டு மறுபடி பழைய வடிவத்துக்கு வரும். ரவுண்டில் அந்த அளவுக்குக் காரணம் இல்லை. மேசையில் வைத்து ஒரு பக்கம் சாய்த்தால் மணி பார்க்கலாம், தவறிய அழைப்புகளைப் பார்க்கலாம் என்றார்கள். இரண்டுமே பெரிய அளவில் ஓடவில்லை. எல்ஜி 2015இல் ஜி ஃப்ளெக்ஸ் 2 கொண்டுவந்தது, அதோடு அந்த வம்சம் முடிந்தது. 2021இல் எல்ஜி போன் தொழிலையே விட்டு வெளியேறியது.

ஓரத்துக்கு வந்த வளைவு

போன் முழுவதையும் வளைப்பதை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் வளைப்போம் என்று சாம்சங் முடிவெடுத்தது. 2014 செப்டம்பரில் பெர்லினில் அறிமுகமான கேலக்ஸி நோட் எட்ஜில் வலது ஓரம் மட்டும் மடிந்திருந்தது. 2015 மார்ச்சில் பார்சிலோனாவில் கேலக்ஸி எஸ்6 எட்ஜ். இப்போது இரு ஓரமும்.

இதுதான் இந்தக் கதையின் முக்கியமான இடம். ஏனென்றால் சாம்சங் ஒரே நேரத்தில் இரண்டு போன் விட்டது: தட்டையான எஸ்6, வளைந்த எஸ்6 எட்ஜ். இரண்டுக்கும் ஒரே 5.1 இஞ்ச், ஒரே சிப், ஒரே கேமரா. இந்தியாவில் அறிமுக விலை எஸ்6 49,900 ரூபாய், எட்ஜ் 58,900 ரூபாய். அதாவது வளைவின் விலை 9,000 ரூபாய். வரலாற்றில் ஒரு வடிவத்துக்கு இவ்வளவு துல்லியமாக விலைச்சீட்டு ஒட்டப்படுவது அபூர்வம்.

அந்த 9,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது? ஓரத்தை விரலால் இழுத்தால் பிடித்த ஐந்து பேரின் முகம் வரும். போனைக் குப்புற வைத்தால் அழைப்பவருக்கேற்ற நிறத்தில் ஓரம் மின்னும். அவ்வளவுதான். இருந்தும் மக்கள் எட்ஜைத்தான் தேடினார்கள். வளைந்த திரையைச் செய்வது கடினம், கொஞ்ச காலம் தட்டுப்பாடு இருக்கும் என்று சாம்சங்கே 2015 ஏப்ரலில் சொல்ல வேண்டி வந்தது.

காரணம் எளிது. ஒரே மாதிரிக் கறுப்புச் செவ்வகங்கள் நிறைந்த கடையில், தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிற போன் அது. ஐபோனிடம் இல்லாத ஒன்று. போட்டியாளர்கள் எளிதில் செய்ய முடியாத ஒன்று. இந்தத் தொழில்நுட்பத்துக்கு எவ்வளவு மதிப்பு என்றால், வளைந்த திரையைக் கண்ணாடியோடு ஒட்டும் இயந்திர ரகசியங்களைச் சீனாவுக்கு விற்றதாக 2018 நவம்பரில் தென்கொரிய அரசு வழக்கறிஞர்கள் 11 பேர்மீது குற்றம் சாட்டினார்கள்.

2017இல் வந்த எஸ்8, எஸ்8 பிளஸ் இரண்டுமே வளைந்தவை. தட்டை வேண்டும் என்பவருக்கு அந்த வரிசையில் இடமே இல்லாமல் போயிற்று.

லாபக் கணக்கு

வளைவில் நன்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய திரையைச் சிறிய உடம்பில் அடக்க அது உதவியது. 2016இல் வந்த எஸ்7 எட்ஜ், ஐபோன் 7 பிளஸ் இரண்டுக்கும் 5.5 இஞ்ச் திரை. எட்ஜின் அகலம் 72.6 மி.மீ., ஐபோனின் அகலம் 77.9 மி.மீ. ஐந்து மி.மீ. என்பது ஒரு கையால் பிடிப்பதற்கும் இரண்டு கையால் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். கையில் உறுத்தாது. ஓரத்திலிருந்து விரலை இழுக்கும்போது வழுவழுப்பாக இருக்கும். சட்டம் தெரியாமல் படம் மட்டும் மிதப்பது போன்ற தோற்றத்தை நானும் ரசித்திருக்கிறேன்.

நஷ்டக் கணக்கு

இந்தப் பட்டியல் கொஞ்சம் நீளம். திரை மடியும் இடத்தை நம் கண் சாய்வாகப் பார்க்கிறது. ஓஎல்இடியைச் சாய்வாகப் பார்த்தால் நிறம் மாறும், வெள்ளைப் பக்கத்தின் ஓரம் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும். விளக்கு வெளிச்சம் வளைவில் ஒரு கோடாக விழும். வீடியோவின் விளிம்பு மடிந்து போகும். பேனா வைத்து எழுதுகிறவர்களுக்கு ஓரம் வீண்.

போன் பக்கவாட்டில் விழுந்தால் தட்டைப் போனில் முதல் அடியை உலோகச் சட்டம் வாங்கிக்கொள்ளும். வளைந்த போனில் சட்டம் ஒடுங்கிப்போனதால் கண்ணாடியே வாங்கும். உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றுவது கடினம், பெரும்பாலும் திரையோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். சாதாரண டெம்பர் கிளாஸ் ஓரத்தில் ஒட்டாது. திரவப் பசையை ஊற்றி, யுவி விளக்கைக் காட்டி இறுக வைக்கும் கிளாஸ் வேண்டும். பசை காது ஓட்டைக்குள் இறங்கிவிட்டால் வேறு தலைவலி.

எல்லாவற்றுக்கும் மேலே, அப்பாவின் பிரச்சினை: தொடாத தொடுகை.

என் தொழில் மென்பொருள் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். தொடுதிரைக்கு விரல் தெரியாது. எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில், எவ்வளவு நேரம் மின்தேக்கம் மாறியது என்பது மட்டும்தான் தெரியும். அதை வைத்து 'இது விரலா, உள்ளங்கையா' என்று மென்பொருள் ஊகிக்க வேண்டும். ஊகத்தைக் கடுமையாக்கினால் உண்மையான தொடுகையும் தொலையும், தளர்த்தினால் பொய்த் தொடுகை உள்ளே வரும். 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது சிக்கல் இன்னும் கூடியது. இடது வலது ஓரங்களிலிருந்து உள்ளே இழுத்தால் 'பின்னால் போ' என்று பொருள். கை பிடிக்கிற அதே இடத்தில் கட்டளையும் உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 11இல், அருவி போல் மடியும் ஓரம் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று செயலிகள் தெரிந்துகொள்ளத் தனி வசதியே சேர்த்தார்கள். எதற்கு? அந்தப் பகுதியில் பட்டன் வைக்காமல் தள்ளி வைப்பதற்கு. திரையை ஓரம்வரை நீட்டுவதற்கு ஒரு பொறியாளர் கூட்டம், அந்த ஓரத்தைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு இன்னொரு கூட்டம்!

அருவி, பிறகு வறட்சி

2019 செப்டம்பர் இந்தக் கிறுக்கின் உச்சம். ஒரே மாதத்தில் மூன்று போன். விவோ நெக்ஸ் 3. ஓரம் 88 டிகிரி மடிந்து, ஒலிப் பட்டனுக்குக்கூட இடமில்லாமல் அதைத் திரையிலேயே வைத்த ஹுவாவே மேட் 30 ப்ரோ. முதுகுப்புறம்வரை திரை சுற்றிக்கொண்ட ஷாவ்மி மி மிக்ஸ் ஆல்ஃபா. கடைசிப் போனின் விலை 19,999 யுவான் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு, பெருமளவு உற்பத்திக்குப் போகப்போவதில்லை என்று கைவிட்டார்கள்.

அதன்பின் இறக்கம்தான். 2020இல் எஸ்20 வரிசையில் சாம்சங் வளைவைக் குறைத்தது. 2021இல் எஸ்21 தட்டையானது, அல்ட்ராவில் மட்டும் வளைவு மிஞ்சியது. 2023 அக்டோபரில் கூகுளின் பிக்சல் 8 ப்ரோ தட்டை. 2024 ஜனவரியில் எஸ்24 அல்ட்ராவும் தட்டை. இப்போது விளம்பரத்தில் தட்டையான திரைதான் புதுமை. பிளாட் டிவி ஞாபகம் வருகிறதா?

ஆனால் வளைவு சாகவில்லை, கீழே இறங்கியது. 2023இல் இந்திய நிறுவனமான லாவாவின் அக்னி 2, வளைந்த 6.78 இஞ்ச் திரையோடு 21,999 ரூபாய்க்கு வந்தது. 2024 மார்ச்சில் லாவா பிளேஸ் கர்வ் 17,999 ரூபாய். வளைவுக்கு மட்டும் ஒன்பதாயிரம் வாங்கிய காலம் போய், அதைப் போல இரண்டு மடங்குக்கு முழுப் போனே கிடைக்கிறது. பணக்காரர் போன் கைவிட்ட அலங்காரம் நடுத்தர விலைப் போனுக்கு வந்து சேர்ந்தது. எல்லோர் கையிலும் வந்த பிறகு அது தனி அடையாளம் இல்லை. மேல்தட்டுப் போன்கள் விலகியதற்கு உடைதலும் தவறான தொடுகையும் ஒரு பாதிக் காரணம் என்றால், இது மறுபாதி என்று நினைக்கிறேன்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். ஒரு லட்ச ரூபாய்ப் போன் வாங்குகிறவர் திரை உடைந்தால் மாற்றிக்கொள்வார். பதினெட்டாயிரத்துக்கு வாங்குகிறவருக்கு ஒரு திரை உடைந்தால் பல சமயம் போனே போன மாதிரி. பழுதுச் செலவு அதிகமான வடிவம், செலவைத் தாங்க முடியாதவர் கைக்கு வந்து நின்றிருக்கிறது. அதுவும் 'பிரீமியம் லுக்' என்ற பெயரில்.

அப்பா போனுக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முதலில் ஓரம் தடித்த ஒரு ரப்பர் கவர் போட்டேன். பிறகு ஓர இழுப்பை அணைத்துவிட்டு, கீழே மூன்று பட்டன் வரும் பழைய முறைக்கு மாற்றினேன். பாதிப் புகார் நின்றது. இப்போது அந்தத் தடித்த கவருக்குள் வளைவு கண்ணுக்கே தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன், "இதுக்குத்தான்ப்பா இவ்வளவு காசு வாங்கினாங்க" என்று. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பதான்டா கைக்கு அடங்குது" என்றார்.

அடுத்த முறை பெரியவர்களுக்குப் போன் வாங்கும்போது, கடையில் அவர்கள் கையிலேயே கொடுத்து, அவர்கள் பிடிக்கிறபடி ஐந்து நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். நான் அதைச் செய்யவில்லை.