லாகீஸ்: சனகெரிப் சுவரில் செதுக்கிய ஊர்

எருசலேமுக்குத் தென்மேற்கே, யூதேய மலைகள் சரிந்து சிறு குன்றுகளாகும் இடத்தில் இருக்கிறது லாகீஸ். இந்த ஊர் விழுந்த கதை பைபிளில் விரிவாக இல்லை. அசீரிய மன்னன் சனகெரிப் அங்கே இருந்தான், யூதாவின் ராஜா எசேக்கியா ஆளனுப்பிப் பணிந்து கப்பம் கட்டினான், அதோடு சரி.

மீதியை மண் சொல்கிறது. கி.மு. 701-இல் மதிலை எட்ட அசீரியர்கள் கல்லைக் கொட்டி எழுப்பிய சாய்தளம் குன்றின் தென்மேற்கு மூலையில் இன்னமும் கிடக்கிறது. கூடவே இரும்பு அம்புமுனைகள், நூற்றுக்கணக்கில்! உள்ளே இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை நண்பர்களே, மதிலுக்கு உட்புறம் எதிர்மேடு ஒன்று எழுப்பிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

சனகெரிப் இந்த முற்றுகையை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்க வைத்தான். மூட்டை முடிச்சுகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு வெளியேறும் குடும்பங்கள்கூட அதில் உண்டு. அந்தப் பலகைகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில்.

ஆனால் தலைநகர் எருசலேமை அவனால் பிடிக்க முடியவில்லை. பிடித்திருந்தால் லாகீஸுக்கா சுவரில் இவ்வளவு பெரிய இடம்? கிடைத்ததைப் பெரிதாகக் காட்டியிருக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. எருசலேம் தப்பியதை பைபிளும் நீளமாகவே சொல்கிறது. அந்த முற்றுகையைப் பற்றி லாகீஸ்காரர்கள் எழுதியது மட்டும் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.