கட்டணச்சாவடி வரிசையில் பிறந்த இன்ஹெரிட்டன்ஸ்



இன்ஹெரிட்டன்ஸ் என்றால் என்ன என்று உயர்தரப் பிள்ளைகளிடம் கேட்டால், "நாய் ஒரு மிருகம், பூனை ஒரு மிருகம்" என்று ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். நாமும் அப்படித்தான் படித்தோம், அப்படித்தான் படிப்பிக்கிறோம். "இது ஏன் சேர் தேவைப்பட்டது?" என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டால் நம்மில் பலர் தடுமாறுவோம். அதனால்தான் இந்தப் பதிவு.

கதை நடந்தது நோர்வேயில். 1960களில் ஒஸ்லோவிலிருந்த நோர்வே கணினி நிலையத்தில் ஒலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமியூலா என்ற மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியுலகில் நடப்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்கான மொழி அது.

அவர்களைச் சிக்கவைத்தது ஒரு பாலம். பாலத்தில் கட்டணச்சாவடி, அதன் முன்னால் லொறியும் பஸ்ஸுமாக ஒரு வரிசை. லொறியின் விபரம் வேறு, பஸ்ஸின் விபரம் வேறு. ஆனால் வரிசையில் நிற்க வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் 'எனக்கு முன்னால் யார், பின்னால் யார்' என்பது தெரிய வேண்டும். அதை ஒவ்வொரு வாகனத்துக்கும் திரும்பத் திரும்ப எழுதுவதா?

1966இல் பிரான்சில் நடந்த கோடைகாலப் பாடநெறியொன்றில் டோனி ஹோர் சொன்ன கருத்துகள் ஒரு பிடியைக் கொடுத்தன. அடுத்த சில மாதங்களில் விடை கிடைத்தது: பொதுவானதை ஒரு கிளாஸாக ஒருமுறை எழுது, தேவையான கிளாஸ்களின் முன்னால் அதை ஒட்டிவிடு. அதனால் அவர்கள் வைத்த பெயர் 'பிரிஃபிக்ஸ்', அதாவது முன்னொட்டு. இன்ஹெரிட்டன்ஸ் என்ற பெயர் பிறகு வந்தது.

இருவரும் கரும்பலகைக்கு முன்னால் போட்ட சத்தத்தைக் கேட்டு, புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் சண்டை என்று பயந்து தொலைபேசி இணைப்பாளரிடம் ஓடினாராம். அவர் ஒரு நிமிஷம் காதுகொடுத்துவிட்டு, சிமியூலா பற்றித்தான் பேசுகிறார்கள், பயப்படாதீர்கள் என்றாராம்.

'வாரிசுரிமை' என்று நாம் மொழிபெயர்ப்பதும் பிள்ளைகளைக் குழப்புகிறது. வாப்பாவின் காணி அவர் மௌத்தான பிறகுதான் பிள்ளைகளுக்கு வரும். ஷரீஆப்படி பங்குபோட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுதான். இங்கே அப்படியில்லை. மூல கிளாஸ் தன்னிடமுள்ளது எதையும் இழப்பதில்லை, எத்தனை கிளாஸ்கள் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் முழுதாகக் கிடைக்கும்.

பொலிமோர்பிசத்துக்கும் அதே வரிசை போதும். சாவடி "கட்டணம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்கும், வந்தது எந்த வாகனம் என்று பார்க்காது. லொறி தன் கணக்கைச் சொல்லும், பஸ் தன் கணக்கைச் சொல்லும். இதற்காகவே சிமியூலா 67இல் 'வேர்ச்சுவல்' என்ற வசதி இருந்தது. கேம்பிரிட்ஜில் சிமியூலாவைப் பாவித்துப் பார்த்த பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப், 1979இல் தொடங்கிய வேலையைப் பின்னர் சி பிளஸ் பிளஸ் ஆக்கியபோது அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டார்.

2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது டாலுக்கும் நைகார்டுக்கும் கிடைத்தது. 2002 ஜூனில் டால் காலமானார், ஓகஸ்டில் நைகார்ட்.

அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது நாயையும் பூனையையும் விட்டுவிட்டு, அதிவேகப் பாதையின் கட்டணச்சாவடியைப் பலகையில் வரைந்து தொடங்கலாம் என்றிருக்கிறோம். படிப்பிக்கிற மற்ற ஆசிரியர்களும் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.