திரையெழுத்தும் சட்டமும்: 1957 முதல்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகுக் கிடங்கொன்றில் கணக்கெழுதி வந்த என் பாட்டனாரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதன் அடியில், வீட்டு வாடகைச் சீட்டுகளுக்குக் கீழே, 'பராசக்தி' கதை வசனப் புத்தகம் மடிப்புக் கலையாமல் கிடக்கும். பிழைப்புக்காக ஊர் பெயர்ந்து வந்து மலையாளம் வழங்கும் தெருவில் குடியேறிய பல குடும்பங்களுக்கு அத்தகைய புத்தகங்களே தமிழ்ப் பாடநூல்களாயின. நானும் அப்படிக் கற்றவனே. ஒரு படத்தின் வசனத்தை நெஞ்சில் ஏற்றிக்கொள்ளும் நாம், அவ்வசனம் சட்டத்தின் முன் யாருக்குச் சொந்தம் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1957ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தம். அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் 'வேலைக்காரி' எழுதிய அண்ணாவும், 'பராசக்தி'க்கு வசனம் தீட்டிய கலைஞரும் முதன்முறையாகச் சென்னைச் சட்டமன்றத்துள் நுழைந்தனர். அதே தேர்தலில் கேரளத்தில் தலைச்சேரியிலிருந்து வெற்றி பெற்ற வழக்கறிஞர் வி. ஆர். கிருஷ்ணய்யர், ஈ. எம். எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சரானார். அதே ஆண்டில்தான் நாடாளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியது. 1958 சனவரி 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் நூலுக்கு எழுதியவரை ஆசிரியர் என்றது. ஓவியத்திற்கு ஓவியரை ஆசிரியர் என்றது. திரைப்படத்திற்கு மட்டும், அது முடிவுறும் வேளையில் எவர் அதன் உடைமையாளரோ அவரே ஆசிரியர் என்றது. பின்னர் 1994இல் அவ்விடத்தில் 'தயாரிப்பாளர்' என்ற சொல் அமர்ந்தது. சொல் மாறினாலும் பொருள் மாறவில்லை. அதே 1957இல் பிரெஞ்சு நாடு இயற்றிய சட்டமோ திரைக்கதை எழுதியவர், உரையாடல் எழுதியவர், இசையமைத்தவர், இயக்குநர் ஆகியோரைப் படத்தின் கூட்டாசிரியர்கள் எனக் கொண்டது. ஒரே ஆண்டில் இரு நாடுகள் இரு வேறு வழியிற் சென்றன!

எழுத்தாளர்களே தமிழகத்தில் முதலமைச்சர்களாக வீற்றிருந்தனரே, அவர்கள் இதைத் திருத்தியிருக்கலாகாதா என்று அன்பர்கள் வினவலாம். பதிப்புரிமை என்பது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 49ஆம் இனம். மாநிலச் சட்டமன்றம் அதில் கைவைக்க இடமில்லை. ஆகவே இவ்வழக்கின் களம் கோட்டையன்று; தில்லி.

1977இல் உச்சநீதிமன்றத்தில் ஒரு பெரு வழக்கு தீர்ப்பாயிற்று. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் உறுப்பினராயிருந்த உரிமைச் சங்கம் ஒருபுறம். கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கம் மறுபுறம். பணம் கொடுத்துத் தம் படத்திற்கென எழுதுவித்த தயாரிப்பாளரே, மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பாட்டுக்கும் இசைக்கும் முதல் உரிமையாளர் என நீதிமன்றம் கூறியது. கூலி வாங்கிய கை உரிமை கேட்கலாகாது என்பதே அதன் நடைமுறை விளைவு. அத்தீர்ப்பில் தனிக் குறிப்பொன்றை இணைத்த நீதிபதி யார் தெரியுமா? 1957இல் கேரளத்தின் சட்ட அமைச்சராயிருந்த அதே கிருஷ்ணய்யர்தாம்! பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, இறுதிநாள் வரை நம் கொச்சியிலே வாழ்ந்து, 2014இல் இங்கேயே மறைந்தவர். தீர்ப்பின் முடிவை ஏற்றுக்கொண்ட அவர், தாளில் எழுதிய இசைக்குறிப்புக்குக் காப்பளிக்கும் சட்டம் பாடுகின்ற குரலை மறந்ததே என்று வருந்தி, நாடாளுமன்றம் இதனைக் கருத வேண்டும் எனக் கோரினார். கோப்புகளோடு வாழ்கின்ற எனக்கு ஓரங்களில் எழுதும் குறிப்புகளின் வலிமை தெரியும். சில வேளைகளில் ஆணையைவிட ஓரக்குறிப்பே நெடுநாள் வாழ்கிறது. 1994இல் பாடகர் முதலிய நிகழ்த்துநரின் உரிமை சட்டத்தில் இடம்பெற்றது. பதினேழு ஆண்டுகள்!

எழுதுவோர் முறை வர மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2010 மார்ச்சில் 'ஷோலே' படத்தின் கதாசிரியர் இருவருள் ஒருவரான ஜாவேத் அக்தர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். அடுத்த மாதமே திருத்த மசோதா அவ்வவைக்கு வந்தது. எழுத்தாளர் தரப்பைத் தாமே எடுத்துரைக்க அவையில் ஒருவர் அமைந்தது நற்பேறு. 2012 மே மாதத்தில் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. படத்தில் இடம்பெறும் எழுத்தும் இசையும் திரையரங்குக்கு வெளியே வேறு வழியிற் பயன்படும்போது, அவ்வருவாயில் ஆசிரியருக்குரிய சரிபங்கை எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று சட்டம் இப்போது கூறுகிறது. கையொப்பம் வாங்கிவிட்டோம் என்று எவரும் தப்ப இயலாது.

ஆனால் இயக்குநர்? அதே மசோதாவில் முதன்மை இயக்குநரையும் படத்தின் கூட்டாசிரியராகச் சேர்க்கும் விதி முதலில் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்குப் பின் அவ்விதி நீங்கிற்று. அதன் விளைவை 2025 ஆகஸ்டில் கண்டோம். 2013இல் வெளிவந்த 'அம்பிகாபதி'யின் முடிவைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் மாற்றி, இறந்தவனை எழுப்பி, மீண்டும் திரையிட்டனர். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தும் படம் ஓடியது. சிதைவைத் தடுக்கும் சிறப்புரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் அது 'ஆசிரியருக்கு' உரியது. இயக்குநர் அச்சொல்லுக்குள் வரவில்லை.

எழுதியவரே இயக்குபவராயின் எழுத்து வழியாக ஓரளவு காப்பு உண்டு. 'ஆரண்ய காண்டம்' படத்தை எழுதி இயக்கிய தியாகராஜன் குமாரராஜாவின் வழக்கில், 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் மறு ஆக்கத்திற்கு எழுதியவரின் இசைவு வேண்டும் என்றது. பிறமொழிக் குரல் சேர்ப்பைத் தயாரிப்பாளரின் உரிமை என்றது. நம் கேரளத்தில் எம். டி. வாசுதேவன் நாயர் 'ரண்டாமூழம்' திரைக்கதையைத் திரும்பப் பெற 2018இல் நீதிமன்றப் படியேறினார். 2020இல் உடன்பாடு ஏற்பட்டு எழுத்து அவர் கைக்கு மீண்டது. ஞானபீடம் பெற்றவருக்கே ஈராண்டு அலைச்சல் என்றால், கோடம்பாக்கத்து அறையொன்றில் பெயரின்றி எழுதும் உதவி இயக்குநரின் நிலையை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அரசு ஊழியனாகிய நான் தேர்தல் மேடை ஏறலாகாது. ஆயினும் தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர்கள் பொறுப்பேற்றபின் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவதைச் சங்கம் தன் பணியாகக் கொள்ளலாம். மசோதா நிலைக்குழுவுக்குச் சென்றால் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு அறிவிப்பு வருவது வழக்கம். அது நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும். பெரும்பாலோர் பாராமல் திருப்பிவிடுவர். அப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லும் வேலையையும், இயக்குநரைக் கூட்டாசிரியராக்கும் பழைய விதியை மீட்கக் கோரும் மனுவை எழுதித் தரும் வேலையையும் செயலாளர் என்னிடம் ஒப்படைக்கலாம்.