மின்சார வண்டியும் மன்னார்க் காற்றும்

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், நானாட்டான் பிரிவிலே, நறுவிலிக்குளம் என்றொரு சிற்றூர் உண்டு. மரத்தின் பெயரால் குளமும், குளத்தின் பெயரால் ஊரும் வழங்குவது நமது நாட்டில் புதுமையன்று. வயலும் கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும் அப்பக்கத்தில் இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் கீழே செல்லும் பாதையில் ஓடுவனவோ பெற்றோல் முச்சக்கரவண்டிகளும் டீசல் உழவு இயந்திரங்களும். தலைக்கு மேலே பிறக்கும் விசை கம்பி வழியே எங்கோ போகிறது. வண்டியில் எரியும் எண்ணெய் கப்பலேறி எங்கிருந்தோ வருகிறது. இந்த முரண்பாடு எவ்வாறு ஏற்பட்டது என்பதைச் சிறிது ஆராய்தல் நன்று.

மின்சார வண்டி நேற்றுத் தோன்றிய அதிசயம் என்று விற்பனைக்காரர் கூறுவதை நம்பிவிடலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டு செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளில் 1,575 மின்சாரத்தால் ஓடுவன. பெற்றோலால் ஓடியவை 936 மட்டுமே. எண்ணெய் வண்டி பின்னர் முந்திக்கொண்டமைக்கு மின்கலத்தின் பாரமும், எண்ணெயின் மலிவும், கைப்பிடி சுற்றாமலே இயந்திரத்தைக் கிளப்பும் பொறியின் வருகையும் காரணங்களாயின. ஆயின் அவை மட்டுமே காரணங்களல்ல. அமெரிக்க நகரங்களின் போக்குவரத்துக் கம்பெனிகளைக் கைக்கொண்ட ஒரு கூட்டுக்குப் பஸ்ஸும் டயரும் எண்ணெயும் விற்கும் உரிமையை ஏகபோகமாக்கச் சதி செய்தனர் என்று, ஜெனரல் மோட்டார்ஸ், பயர்ஸ்டோன் முதலிய பெருங் கம்பெனிகளை அந்நாட்டு நீதிமன்றமே 1949இல் குற்றவாளிகளெனத் தீர்த்தது. எந்த வண்டி வெல்லும் என்பதைப் பொறியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை.

நமது மண்ணிலும் மின்சாரம் முதலில் இழுத்தது தனவந்தரின் காரையல்ல, பொதுமக்களின் டிராம் வண்டியையே. சென்னையில் 1895 மே மாதத்திலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. கொழும்பில் 1899இல் அது வந்தது. கோட்டையிலிருந்து மருதானைக்கும் கிராண்ட்பாஸுக்கும் கூலித் தொழிலாளியும் குமாஸ்தாவும் அதிலேதான் சென்றனர். நடத்தியது ஆங்கிலேயரின் பூஸ்டெட் கம்பெனி. இலாபம் அவர்களுக்கு, வெயிலும் குறைந்த சம்பளமும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும். 1929இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மருதானையில் பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர், உயிர்கள் பலியாயின. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அந்த நாட்களைத் தாண்டிப்போக முடியாது. பாடப்புத்தகங்கள் தாண்டிப்போகின்றன, அது வேறு விஷயம்.

1944இல் கொழும்பு மாநகரசபை டிராமைத் தன் பொறுப்பில் ஏற்றது. மக்களின் வண்டி மக்களின் சபைக்கு வந்ததாயினும், அதற்கு ஆயுள் நீடிக்கவில்லை. 1953இல் தண்டவாளம் வேண்டாத, மேற்கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ் வந்தது. 1960இல் டிராம் மறைந்தது. 1964இல் ட்ரொலி பஸ்ஸும் மறைந்தது. சென்னை டிராம் அதற்கு முன்னரே, 1953 ஏப்ரலில், கம்பெனி நஷ்டக்கணக்குக் காட்டியதோடு நின்றுபோய், அதன் தொழிலாளர் தெருவில் விடப்பட்டனர். கல்கத்தா ஒன்றே நெடுங்காலம் பிடிவாதமாக நின்றது. டிராம் பழசாகிவிட்டது, பாதையை அடைக்கிறது என்று அன்று காரணம் சொன்னார்கள். பாதையை அடைத்தது எது என்பதை இன்றைய காலி வீதியில் காலை எட்டு மணிக்கு நின்று பார்ப்பவர் அறிவர்.

ஒரு காரியத்தை மறந்துவிடக் கூடாது. லக்ஷபான நீர்மின் திட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அதற்கான யோசனையை 1918இலேயே முன்வைத்திருந்தும், குடியேற்ற ஆட்சி முப்பதாண்டுக்கு மேல் அதை இழுத்தடித்தது. சொந்த மலையருவியிலிருந்து மின்சாரம் கிடைக்கத் தொடங்கி பதினைந்தாண்டு ஆகுமுன்னரே, அம்மின்சாரத்தால் ஓடக்கூடிய பொது வண்டிகளை நாம் கைவிட்டோம். இத்தனைக்கும் அது பெரிய காரியங்கள் நடந்த காலம். 1958இல் தனியார் பஸ் கம்பெனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. அடுத்த ஆண்டு அந்நிய எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்துக்களில் கை வைத்தோம். நட்ட ஈட்டுத் தகராற்றைச் சாட்டி 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அந்தத் துணிவு போற்றத்தக்கது. எனினும் எண்ணெயை விற்கும் கடை நமதாயிற்றேயன்றி எண்ணெய் நமதாகவில்லை.

அதன் விலையை 2022இல் செலுத்தினோம். அந்நியச் செலாவணி வற்றியது. ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. எண்ணெய் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை. வரிசையிலேயே மாண்டவர்களும் உளர். மன்னாரில் அதன் முகம் வேறு. இங்கே சிறு வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. அந்த ஆகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. வள்ளங்கள் மணலில் கிடந்தன. அவ்வாண்டுக்குப் பிறகு மின்சார வண்டியைப் பற்றிப் பேசுவது நமக்கு நாகரிகப் பேச்சல்ல, வயிற்றுப்பாட்டின் பேச்சு.

ஆனால் வந்தது எந்த வண்டி? 2014, 2015ஆம் ஆண்டுகளில் வரி குறைந்திருந்தபோது மின்சாரக் கார்கள் ஒரு அலையாக வந்தன. வரி ஏறியது, அலை அடங்கியது. 2020இல் இறக்குமதித் தடை. 2025இல் தடை நீங்கியதும் சீனத்து மின்சாரக் கார்கள் கொழும்பு வீதிகளை நிறைத்தன. அவற்றை வாங்குவோர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. நாட்டிற் பதிவான முச்சக்கரவண்டிகள் பத்து இலட்சத்துக்கு மேல். அவற்றிலே எத்தனை மின்கலத்துக்கு மாறின? ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு பெற்றோல் முச்சக்கரவண்டியை மின்சாரத்துக்கு மாற்றும் பரீட்சார்த்த முயற்சி நடந்தது. அது பரீட்சார்த்தமாகவே நிற்கிறது.

மின்சாரம் போதுமா என்று கேட்பர். ஒரு சிறு கணக்குப் போடலாம். மன்னார்த் தீவில் மின்சார சபை 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் முப்பது பொறிகள், மொத்தம் 103.5 மெகாவாட். நல்ல சோளகக் காற்றில் அவை முழு விசையுடன் ஒரு மணி நேரம் சுழன்றால் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட அலகுகள். முச்சக்கரவண்டியொன்றின் மின்கலத்துக்கு எட்டு அலகு என வைத்தால், பத்தாயிரம் வண்டிகளுக்கு ஒரு நாள் ஓட்டம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ, தேவை குறைந்துவிட்டது, கூரைச் சூரியக்கலங்களைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள்! விசை இல்லாமையல்ல, அதை வாங்கிக்கொள்ளும் வண்டி இல்லாமையே குறை. மாலையில், எல்லா வீட்டிலும் விளக்கேறி அனல் நிலையங்கள் எண்ணெய் எரிக்கும் நேரத்தில், வண்டிகளும் வந்து சேர்ந்தால் மாத்திரம் இக்கணக்குப் பொய்த்துவிடும்.

அயலில் நேபாளத்தைப் பாருங்கள். எண்ணெய்க் கிணறு இல்லை, கடலும் இல்லை. 1975இல் சீன உதவியுடன் காத்மாண்டுவில் ட்ரொலி பஸ் விட்டார்கள். அதையும் நம்மைப் போலவே கெடுத்துக்கொண்டார்கள். ஆயின் தொண்ணூறுகளில் பிறந்த மின்கல டெம்போக்களைப் பெண்கள் ஓட்டிக் குடும்பம் காத்தார்கள். 2015 எல்லை முடக்கத்தில் எண்ணெய் நின்றபோது அந்நாடு பாடம் படித்தது. இன்று அங்கே புதிதாக இறக்குமதியாகும் கார்களில் பாதிக்கு மேல் மின்சாரத்தவை. ஏழை நாட்டால் இயலாது என்பார்க்கு இது விடை. ஆனால் கார்தானா முதலில் வேண்டியது என்ற கேள்வி அங்கும் தீரவில்லை. 2025 ஜூனில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 120 மின்சாரப் பஸ்களை விட்டது எனக்கு அதைவிடப் பெரிய செய்தியாகப் படுகிறது: டிராமை இழந்த நகரம் எழுபத்திரண்டு ஆண்டு கழித்து மின்சாரத்துக்குத் திரும்பியிருக்கிறது.

மன்னாருக்கு மீள்வோம். 2025 ஆகஸ்ட்டில் தீவுக்குள் மேலும் காற்றாலைப் பொறிகள் ஏற்றப்பட்டபோது மக்கள் பாதையில் இறங்கினர். வெள்ளம் வடியும் வாய்க்கால் அடைபடும், மீன் விலகும், பறவை வராது, பனங்காணி போகும் என்பன அவர்கள் சொன்ன காரணங்கள். சனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். அவர்களை முன்னேற்றத்தின் பகைவரென்று தூற்றிய நகரத்துப் படிப்பாளிகள், அக்காற்றால் அவர்களுக்கு என்ன கிடைத்ததென்று ஒரு வரி எழுதவில்லை. தீவின் வீதிகளில் கேட்பாரற்றுத் திரியும் கழுதைகளை அறியாதவர் இல்லை. பொதி சுமந்த பிராணிகள் அவை. லொறி வந்ததும் அவிழ்த்து விடப்பட்டன. புதிய வண்டி வரும்போது பழைய வண்டிக்காரன் என்னாவான் என்பதை அவற்றைக் காணும்போதெல்லாம் நினைக்கிறேன்.

நறுவிலிக்குளத்துப் பிள்ளைகள் மன்னார் நகரப் பள்ளிக்குப் போகும் பஸ், பகலில் சாலையில் நிற்கும் நேரத்திலே அவ்வூர்க் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் விசை ஏற்றிக்கொள்ள முடியும். பொறியியலில் இதற்குத் தடை எதுவுமில்லை. வேண்டியது பஸ்ஸை வாங்கும் முதல். கார்களுக்கு விடப்பட்ட அந்நியச் செலாவணியில் ஒரு பகுதியே அதற்குப் போதும். வள்ளத்தின் காரியம் இன்னும் கடினம். உப்பு நீருக்கும் அலைக்கும் தாங்கும் மின்கல இயந்திரம் ஏழை மீனவர் வாங்கும் விலைக்கு இன்னும் வரவில்லை. சோளகம் பலமாக வீசும் மாதங்களில், காற்றாலைகள் ஓய்வின்றிச் சுழலும் அதே நாட்களில், தென்கடலில் வள்ளம் இறக்க முடியாமல் அவர்கள் கரையில் அமர்ந்து வலை பொத்துகிறார்கள்.